கல்லைப் பெயர்க்காதே என்று சட்டம் போட்ட பேரரசன்

கடலூர் முதுநகரில் என் தாத்தா கட்டிய வீட்டின் முன்கட்டை இடித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பாகப்பிரிவினையில் அந்தப் பகுதி யார் பங்குக்குப் போனதோ, அவருக்குப் பின்பக்கம் ஒரு தண்ணீர்த்தொட்டியும் குளியலறையும் கட்ட வேண்டியிருந்தது. புதுச் செங்கல் வாங்கும் செலவு மிச்சமாகட்டும், திண்ணைச் சுவரையும் கூடத்தின் ஒரு பக்கத்தையும் பெயர்த்து அந்தக் கல்லையே போட்டுக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். பெரியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஆகையால், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் செங்கல் முழுசாகக் கழன்று கையில் வந்தது. சிமென்டில் கட்டிய சுவரில் அப்படி வராது. கல் உடையுமே தவிரச் சாந்து விடாது. நான்தான் கூடையில் அடுக்கிக் கொண்டுபோய்ப் பின்கட்டில் கொட்டினேன். ஒரு வாரத்தில் தொட்டி எழும்பிவிட்டது. அடுத்த ஐப்பசி மழையில், தாங்கிய சுவரை இழந்த கூடத்து உத்திரம் இறங்கி, ஓடெல்லாம் முற்றத்தில் சரிந்தது.

அதன் பிறகு நான் புதுச்சேரிக்கு வந்து, பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ரோம வரலாற்றைப் படிக்கும் வழக்கம் அரிக்கமேட்டால் வந்தது. அந்த மண்ணில் யவனரின் மதுச்சாடி உடைந்து கிடக்கும்போது அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பது? அந்தப் படிப்பின் நடுவில்தான் 458ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதியிட்ட ஒரு சட்டத்தைக் கண்டேன். ரோம் நகரின் ஆட்சித்தலைவராக இருந்த எமிலியானுஸ் என்பவருக்கு மயோரியன் என்ற பேரரசர் அனுப்பிய ஆணை அது. சிறிதாக ஒன்றைப் பழுதுபார்ப்பதற்காகப் பெரியவை இடிக்கப்படுகின்றன என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் படித்ததும் என் கையில் அந்தக் கூடையின் கனம் திரும்ப வந்தது. அன்று தொடங்கி இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன்.

மயோரியன் ஆண்டது நான்கு ஆண்டும் நான்கு மாதமும்தான். மேற்கு ரோமப் பேரரசு 476இல் முடிந்துபோனது என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அந்த முடிவுக்கு முந்திய இருபது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிற ஆட்சி இவருடையது. கடைசிக் காலத்துப் பேரரசர்கள் என்றால், அன்றைய மேற்கின் தலைநகரான ரவென்னாவின் அரண்மனைக்குள் ஒளிந்துகொண்டிருந்த பொம்மைகள் என்று பலரும் நினைக்கிறார்கள். சிலர் அப்படித்தான் இருந்தார்கள். இவர் அப்படி இருக்கவில்லை.

படைவீட்டுக் குடும்பம் அவருடையது. இவர் பெயரையே கொண்ட தாய்வழித் தாத்தா, முதலாம் தியோடோசியஸ் காலத்தில் தன்யூபுக் கரைப் பகுதியில் படைத்தலைவராக இருந்தவர். தந்தையோ கணக்கர், அன்றைய மேற்கின் உண்மையான அதிகாரியாக விளங்கிய தளபதி ஏட்டியஸின் பணக்கணக்கைக் கடைசிவரை நேர்மையாகப் பார்த்தவர் என்று பெயர். வாளும் பேரேடும் சேர்ந்த அந்த வீட்டுப் பிள்ளை, பிறகு அரியணையில் அமர்ந்தபோது போர்க்களத்தைப் போலவே வரிக்கணக்கிலும் கண்ணாக இருந்ததில் வியப்பில்லை. இளமையில் ஏட்டியஸின் கீழ் காலியாவில், அதாவது இன்றைய பிரான்சில், பணிபுரிந்தார். தூர் நகரைக் காத்தார். வடக்கே ஒரு சிற்றூரில் திருமணக் கொண்டாட்டத்தில் இருந்த பிராங்கு என்ற ஜெர்மானிய இனத்தாரை ஏட்டியஸ் தாக்கியபோது, பாலத்தின்மேல் நின்று போரிட்ட குதிரைப்படையில் இவர் இருந்தார். இவர் புகழ் வளர்ந்ததைக் கண்டு ஏட்டியஸின் மனைவி பொறாமைப்பட்டதாகவும், அவள் பேச்சினால் இவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுச் சொந்த நிலத்துக்கு அனுப்பப்பட்டதாகவும் அக்காலக் கவிஞர் சிடோனியஸ் பாடுகிறார். அரசரைப் புகழும் பாட்டில் வருகிற செய்தியாகையால் பொறாமைக் கதையை நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அவர் ஊருக்குப் போய் உழவு பார்த்தார் என்பது பொய்யாக இருக்கக் காரணம் இல்லை.

அந்த ஒதுக்கம் அவரைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். 454 செப்டம்பரில், ஏட்டியஸ் அரண்மனையில் வருவாய்க் கணக்கை எடுத்துரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பேரரசர் மூன்றாம் வலென்டினியன் தன் கையாலேயே வாளை உருவி அவரை வெட்டினார். உங்கள் இடக்கையால் வலக்கையை வெட்டிக்கொண்டீர்கள் என்று ஒருவர் பேரரசரிடமே சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஆறு மாதத்தில், 455 மார்ச்சில், ஏட்டியஸின் பழைய வீரர்கள் இருவர் வலென்டினியனைக் கொன்றார்கள். அடுத்து வந்த பெட்ரோனியஸ் மாக்சிமஸ் இரண்டரை மாதம்கூட நிலைக்கவில்லை. வட ஆப்பிரிக்காவைக் கைப்பற்றியிருந்த வாண்டல் இனத்தாரின் அரசன் கைசெரிக் கடல் வழியாக வருகிறான் என்று கேட்டு ஓடும்போது கூட்டத்தின் கல்லடியில் இறந்தார். ஜூன் மாதத்தில் நுழைந்த வாண்டல்கள் பதினான்கு நாள் ரோமில் இருந்து எடுக்கக்கூடியதையெல்லாம் எடுத்தார்கள். ஜூப்பிட்டர் கோயிலின் பொன்பூசிய செப்புக் கூரையில் பாதியைக்கூடப் பிரித்துக் கப்பலில் ஏற்றினார்கள். பேரரசியையும் அவருடைய இரண்டு பெண்களையும் கார்த்தேஜுக்குக் கொண்டுபோனார்கள். காலியாவில் முடிசூடி வந்த அவிட்டஸும் ஓராண்டுக்குச் சற்று மேல்தான் இருந்தார். 456 அக்டோபரில் வட இத்தாலியின் பிளசென்ஷியா அருகே அவரைத் தோற்கடித்துப் பதவியிறக்கியவர்கள் இருவர். ஒருவர் ரிசிமர், மற்றவர் மயோரியன்.

இந்த ரிசிமரை நன்றாகப் புரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். தந்தை சுவேபி என்ற ஜெர்மானிய இனத்தவர், தாய் விசிகோத்து என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்து அரசரின் மகள். சமயத்தால் ஆரியன், அதாவது ரோமரின் திருச்சபை மறுத்துவைத்த ஆரியுஸின் கொள்கையைப் பின்பற்றியவர். அப்படிப்பட்ட ஒருவர் பேரரசராக முடியாது. படை அவர் கையில், முடி மட்டும் வேறொருவர் தலையில் என்ற ஏற்பாடு அவருக்கு வசதியாக இருந்தது. மயோரியன் பழைய படைத்தோழர். 457 ஏப்ரல் முதல் தேதி ரவென்னாவுக்கு ஆறு மைல் தொலைவில் படைவீரர்கள் அவரைப் பேரரசர் என்று முழங்கினார்கள். அடுத்த ஆண்டு சனவரியில் செனட் சபைக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. உங்கள் விருப்பத்தாலும் வீரம் மிக்க படையின் முடிவாலும் நான் பேரரசனானேன் என்று தொடங்குகிற அக்கடிதத்தில், பொய்க்குற்றம் சாட்டிப் பிழைப்பவர்களைத் தனி ஆளாக இருந்தபோதே வெறுத்தேன், இனித் தண்டிப்பேன் என்கிறார். நம் தந்தை போன்ற ரிசிமரோடு சேர்ந்து நாட்டைக் காப்போம் என்றும் எழுதுகிறார். முடிவு தெரிந்து படிக்கிறவர்களுக்கு அந்த இடம் மனத்தை அடைக்கிறது.

கையில் என்ன மிஞ்சியிருந்தது என்று பார்த்தால், இத்தாலியும் காலியாவின் சில பகுதிகளும்தான். வட ஆப்பிரிக்காவின் தானியமும் எண்ணெயும் வரியும் 439இல் கார்த்தேஜ் வாண்டல்களிடம் வீழ்ந்ததோடு போயிற்று. மேற்குப் பேரரசின் களஞ்சியம் அதுவே. அது போன பிறகு படைக்குச் சம்பளம் கொடுக்க இத்தாலியக் குடியானவனை இன்னும் பிழிய வேண்டியிருந்தது. பிழியப் பிழிய அவன் நிலத்தை விட்டு ஓடினான். ஆப்பிரிக்காவை மீட்காமல் எதுவும் சரியாகாது என்பது மயோரியனுக்குத் தெரிந்திருந்தது; ஆனால் மீட்பதற்கும் பணம் வேண்டும். ஆகவே முதல் ஆண்டு முழுவதும் அவர் சட்டம் எழுதினார்.

அவருடைய சட்டங்களில் பன்னிரண்டின் தலைப்புகள் நமக்குத் தெரிகின்றன; சிலவற்றுக்குத் தலைப்பு மட்டுமே மிஞ்சியது. 458 மார்ச்சில் பழைய வரிப்பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த சட்டத்தில், ஊரின் வரிவசூலுக்குப் பொறுப்பான உள்ளூர் மன்றத்தாரை நாட்டின் நரம்புகள், நகரங்களின் குடல் என்று அழைக்கிறார். இவர்கள் தங்கள் சொத்தை ஈடு வைத்து வரி கட்ட வேண்டியவர்கள். வசூல் குறைந்தால் கைப்பணத்திலிருந்து போட வேண்டும். அவர்கள் வேலையை விட்டு ஓடியதற்குக் காரணம் அதிகாரிகளின் கொடுமை என்று பேரரசரே எழுதுகிறார். எடை குறையாத பொற்காசை நொண்டிச் சாக்குச் சொல்லி வசூல்காரன் தள்ளக்கூடாது என்றும், தங்கத்தின் தரம் குறைந்த காலியாக் காசுக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது என்றும் அதே சட்டத்தில் நுணுக்கமாக வருகிறது. ஒரு ரோம ராத்தல் பொன்னில் 72 காசு அடித்தார்கள்; ஒன்றின் எடை ஏறக்குறைய நாலரை கிராம். நகை அடகு வைக்கப் போய்த் தராசுக்கு முன்னால் நின்ற நம் ஊர்க்காரர் யாருக்கும் அந்தச் சட்டத்தின் வலி சொல்லாமலே தெரியும்.

எல்லாச் சட்டமும் நல்லதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நாற்பது வயதுக்கு முன் எந்தப் பெண்ணும் துறவுமுக்காடு போடக்கூடாது, பிள்ளையில்லாத இளம் விதவைகள் ஐந்தாண்டுக்குள் மறுமணம் செய்ய வேண்டும் என்று அவர் போட்ட சட்டம் பெண்களின் மனத்தைக் கேட்காமல் போட்டது. ஆள்தொகை குறைகிறதே என்ற கவலையால் எழுதியது என்றாலும், பிறர் வாழ்க்கைக்குள் அவ்வளவு தூரம் கையை நீட்ட எந்த அரசுக்கும் உரிமை இல்லை. அடுத்து வந்த ஆட்சி 463இல் அந்த விதவைச் சட்டத்தை நீக்கியது சரிதான்.

இனி அந்தக் கல் சட்டத்துக்கு வருகிறேன். பழம்பெருமை வாய்ந்த நகரின் முகம் சிதைவதை நெடுநாளாக வெறுத்துவந்தோம், இப்போது திருத்துகிறோம் என்று அது தொடங்குகிறது. நகரின் அழகெல்லாம் எந்தப் பொதுக் கட்டடங்களில் இருக்கிறதோ அவற்றை, அரசுப்பணிக்குக் கல் தேவை என்ற சாக்கில், அலுவலகமே தூண்டிவிட்டு இடிக்கிறது என்கிறார். அதைப் பார்த்துத் தனியாரும் துணிகிறார்கள். தன் வீட்டைக் கட்டுகிற ஒவ்வொருவனும் நகரத்து நீதிபதிகளின் தயவால் பொது இடத்துக் கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறான். நகரத்தை நேசிக்கிறவர்கள் பழுதுபார்த்துக் காக்க வேண்டியவற்றை இவர்கள் அழிக்கிறார்கள்.

பிறகு தண்டனை. கோயிலோ நினைவுச்சின்னமோ, முன்னோர் பொதுப்பயனுக்கோ அழகுக்கோ கட்டிய எதையும் இனி யாரும் இடிக்கக்கூடாது. இடிக்க அனுமதி அளித்த நீதிபதி 50 ராத்தல் பொன் கட்ட வேண்டும். இன்றைய கணக்கில் பதினாறு கிலோவுக்கு மேல். அவர் சொன்னதைக் கேட்டுத் தடுக்காமல் நடத்திக்கொடுத்த ஏவலாளருக்கும் கணக்கருக்கும் தடியடி, அத்தோடு காக்க வேண்டியதை அழித்த கையும் போகும். கொடிய தண்டனைதான், அன்றைய வழக்கம் அது. ஆனால் யாரைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். கூடை சுமந்தவனை அந்தச் சட்டம் தேடவில்லை. கையெழுத்துப் போட்டவரையும், கையெழுத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறைவேற்றியவரையும் தேடியது. நான் பார்த்த வேலையில் பழைய வீடு ஒன்று இடிந்து விழுகிற நாள் கடப்பாரை விழுகிற நாளாக இருந்ததே இல்லை; அதற்கு ஆறு மாதம் முன்பு ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு தாள் நகர்ந்திருக்கும். 458இல் ரவென்னாவில் இருந்த ஒருவருக்கு இது தெரிந்திருந்தது.

விதிவிலக்கையும் அவர் மறக்கவில்லை. ஒரு கட்டடம் எந்த வகையிலும் பழுதுபார்க்க முடியாத நிலைக்குப் போய்விட்டால், அதை வேறொரு பொதுக் கட்டடத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அதைத் தனி அதிகாரி முடிவு செய்யக்கூடாது. செனட் சபை கூடி ஆராய்ந்து, பேரரசரின் பார்வைக்கு அனுப்பி, அதன் பிறகே தொட வேண்டும். என் தொழிலில் மிகக் கடினமான கேள்வி அதுதான். இந்த உத்திரம் இன்னும் தாங்குமா, இந்தச் சுவரைக் காப்பாற்ற முடியுமா என்பதைத் தட்டிப் பார்த்து, ஒலியைக் கேட்டு, கரையான் போன ஆழத்தைக் கம்பியால் குத்திப் பார்த்துச் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்வது எளிது. சொல்கிறவருக்கு அதில் ஆதாயமும் இருக்கும். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமையை ஒரே ஆளிடம் விட்டுவைக்காததுதான் இந்தச் சட்டத்தின் அறிவு.

எங்கள் பக்கத்தில் இடிப்பு புதிதல்ல. 1758இல் பிரெஞ்சுக்காரர் கடலூரின் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையும் மாளிகையுமாகத் தரைமட்டம் ஆக்கினார்கள். பகைவன் இடிப்பது ஒரு வகை. 2014 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காலத்து நகரமன்றக் கட்டடம், சரிந்தது இன்னொரு வகை. மறுநாள் அந்த இடிபாட்டின் முன்னால் பேச்சில்லாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். அதே வடிவில் அது மீண்டும் எழுந்தது என்பதில் ஆறுதல் உண்டு. ரோமின் கதை மூன்றாவது வகை. வாண்டல்கள் பதினான்கு நாள் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கல்லை ரோமர்கள் தங்கள் கையால், தங்கள் அலுவலகத்தின் முத்திரையோடு, ஆண்டுக்கணக்கில் எடுத்தார்கள். பத்து லட்சம் பேருக்குக் கட்டிய நகரத்தில் மக்கள் சில லட்சமாகச் சுருங்கிவிட்டபோது, ஆளில்லாத மண்டபம் கல்குவாரி போலத் தெரிவது இயல்புதானே என்று கேட்கலாம். இயல்புதான். அதனால்தான் சட்டம் வேண்டியிருந்தது.

458இன் கடைசியில் மயோரியன் சட்டப்புத்தகத்தை மூடிவிட்டு, ஆல்ப்ஸ் மலையைப் பனிக்காலத்திலேயே கடந்தார். படையில் பெரும்பாலோர் தன்யூபுக்கு அப்பாலிருந்து கூலிக்கு வந்தவர்கள். சிடோனியஸ் அவர்களின் இனப்பெயர்களை அடுக்கினால் ஒரு பக்கம் நிறைகிறது. பேரரசர் முன்னால் நடந்து, கையிலிருந்த கோலால் பனியின் ஆழத்தைப் பார்த்துப் பார்த்து வழிகாட்டினார் என்றும் அவர் பாடுகிறார். அவிட்டஸின் வீழ்ச்சிக்குப் பிறகு கலகம் செய்த காலியாவின் லியோன் நகரம் பணிந்தது. அந்த நகரத்துக்காரரான சிடோனியஸ் அவிட்டஸின் மருமகன், அதாவது மயோரியன் யாரைப் பதவியிறக்கினாரோ அவருடைய மகளை மணந்தவர். மாமனாருக்கு வாழ்த்துப்பா பாடிய அதே வாயால் இவருக்கும் பாடினார். தலைக்கு இவ்வளவு என்று விதித்த வரியில் மூன்று தலையைக் குறைக்கக் கேட்டு ஒரு சிறு பாட்டும் எழுதினார். மூன்று தலை அரக்கனான கெரியோனை ஹெர்குலிஸ் வெட்டியதுபோல என் மூன்று தலையை வெட்டுங்கள், நான் பிழைத்துக்கொள்வேன் என்று. புலவர் பாடிப் பரிசில் கேட்பது நமக்குப் பழகிய செய்தி. வரித்தலையைச் சீவச் சொல்லிக் கேட்ட பாட்டு எனக்குப் புதிது.

மறு ஆண்டு காலியாவின் தெற்கில் உள்ள ஆர்ல் நகரருகே விசிகோத்து அரசன் இரண்டாம் தியோடெரிக்கைத் தோற்கடித்து, மீண்டும் ரோமுக்குக் கட்டுப்பட்ட கூட்டாளியாக்கினார். இந்தப் போர்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எனக்கு அவர் முகம் தெளிவாகத் தெரிவது 461இல் அதே ஆர்லில் நடந்த ஒரு விருந்தில். ஊரில் யாரோ பெயர் போடாமல் ஒரு வசைப்பாட்டைச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். பெரிய மனிதர்கள் சிலரைப் பெயர் சொல்லிக் குத்திய பாட்டு. பயோனியஸ் என்பவர், எழுதியது சிடோனியஸ்தான் என்று பரப்பியிருந்தார். விருந்தில் பேரரசர் சிடோனியஸைப் பார்த்து, நீர் வசை எழுதுவதாகக் கேள்விப்படுகிறேன் என்றார். நானும்தான் கேள்விப்படுகிறேன், அரசே என்றார் அவர். எங்களையாவது விட்டுவையும் என்று பேரரசர் சிரித்தார். குற்றம் சாட்டுகிறவர் வெளிப்படையாகச் சாட்டட்டும், மெய்ப்பித்தால் தண்டனை ஏற்கிறேன், இல்லையென்றால் சட்டத்துக்கு உட்பட்டு நான் விரும்பியதை எழுத அனுமதி வேண்டும் என்று கவிஞர் கேட்க, அதை உடனே இங்கேயே பாட்டாகக் கேட்டால் தருகிறேன் என்றார் மயோரியன். கை கழுவத் தண்ணீர் கேட்பவர்போலத் திரும்பிய சிடோனியஸ், கிண்ணம் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற நேரத்தில் இரண்டு அடியைக் கட்டிச் சொன்னார்: என்னை வசைகாரன் என்பவன் மெய்ப்பிக்கட்டும் அல்லது அஞ்சட்டும் என்று தீர்ப்பளியுங்கள், அரசே. நீர் விரும்பியதை எழுதுவதை ஒருநாளும் தடுக்கமாட்டேன் என்று கடவுளையும் நாட்டையும் சான்றாக வைத்துப் பேரரசர் வாக்களித்தார்.

இதை நமக்குச் சொல்வது சிடோனியஸே பின்னாளில் எழுதிய கடிதம். மயோரியன் இறந்த பிறகு, அவரைப் புகழ்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லாத காலத்தில் எழுதியது. அதனால்தான் வாழ்த்துப்பாவைவிட இதை நம்புகிறேன். அந்த விருந்து நடந்தபோது பேரரசர் தோற்றுப்போயிருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

தோல்வி முந்திய ஆண்டு, கடலில் வந்தது. ஆப்பிரிக்காவை மீட்க மூன்று ஆண்டு உழைத்துக் கப்பல் கட்டினார். அப்பென்னின் மலைக்காடே கடலில் இறங்கியது என்று சிடோனியஸ் பாடும் அளவுக்கு மரம் வெட்டினார்கள். இத்தாலியின் இரண்டு கரையிலும் தச்சர்கள் வேலை செய்தார்கள். ஏறத்தாழ 300 கப்பல் ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில், கார்த்தஜீனாப் பக்கத்தில், கூடின. செய்தி கேட்ட கைசெரிக் சமாதானம் பேச ஆள் அனுப்பினான்; மறுக்கப்பட்டதும், ரோமப்படை இறங்கக்கூடிய மவுரெத்தானியா என்ற வடமேற்கு ஆப்பிரிக்க நிலத்தை அழித்துக் கிணறுகளில் நஞ்சு கலந்தான். 460 மே மாதம் மயோரியன் ஸ்பெயினுக்குள் நுழைந்து கரையை நோக்கி வந்துகொண்டிருந்தபோதே, உள்ளாட்கள் காட்டிக்கொடுக்க, வாண்டல்கள் வந்து அந்தக் கப்பல்களைத் துறையிலேயே கைப்பற்றினார்கள். தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு, தூதன் வேடத்தில் கைசெரிக்கின் ஆயுதசாலைக்குள்ளேயே போய்ப் பார்த்துவந்தார் என்று நூறாண்டுக்குப் பிறகு ஒரு கதை எழுதப்பட்டது. நடந்திருக்க வழியில்லை, ஆனால் அவரைப் பற்றி மக்கள் எதை நம்ப விரும்பினார்கள் என்பதை அது காட்டுகிறது.

கடலூரில் பிறந்தவனுக்குப் படகின் விலை தெரியும். சுனாமிக்கு மறுநாள் தேவனாம்பட்டினத்தில் படகை இழந்தவர்கள் கடலைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டின் மரமும் இரும்பும் வரியும் ஒரே நாளில் போனபின், கரைக்கு வந்து வெறும் துறையைப் பார்த்த அந்த மனிதர் என்ன செய்தார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கைசெரிக்கோடு சமாதானம் செய்துகொண்டு ஆர்லுக்குத் திரும்பினார் என்று மட்டும் இருக்கிறது.

படையைக் கலைத்துவிட்டுச் சிறு காவலோடு இத்தாலிக்குள் வந்தார். அவர் இல்லாத மூன்று ஆண்டில் இத்தாலி ரிசிமரின் கையில் இருந்தது. பொம்மையாக இருப்பார் என்று நினைத்து ஏற்றிவைத்தவர் தானே ஆண்டதும், பெரிய நிலக்காரர்களுக்குப் பிடிக்காத சட்டங்களைப் போட்டதும், இப்போது தோல்வியோடு வருவதும் ரிசிமருக்குப் போதுமானதாக இருந்தன. 461 ஆகஸ்ட் 2ஆம் தேதி டோர்டோனாவில் வழிமறித்துப் பிடித்தார். அரச ஆடையையும் முடியையும் உருவி, அடித்து, ஐந்து நாள் வைத்திருந்து, 7ஆம் தேதி இரியா ஆற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். வயிற்றுக்கடுப்பில் இறந்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊருக்குச் சொன்ன காரணம் அதுவாக இருக்கலாம்.

காலியாவின் தளபதி ஏகிடியஸும் அட்ரியாட்டிக் கடலின் கீழ்க்கரையான டால்மேஷியாவின் மார்செலினுஸும் அடுத்த பேரரசரை ஏற்கவே மறுத்தார்கள். ஏழு ஆண்டு கழித்துக் கிழக்குப் பேரரசர் லியோ ஆப்பிரிக்காவை மீட்க அனுப்பிய மாபெரும் கப்பற்படையையும் கைசெரிக் எரித்தான். அதன் பிறகு எட்டு ஆண்டில் மேற்கில் பேரரசரே இல்லை. ரோமில் கல் பெயர்ப்பது நிற்கவில்லை. கல்லோடு கல்லைப் பிணைத்த இரும்புக் கொளுக்கிகளைக்கூடத் தோண்டி எடுத்தார்கள். கொலோசியத்தின் சுவரில் இன்று தெரியும் ஓட்டைகள் அவ்வாறு வந்தவை.

இந்த ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போனவன், கூட்டம் கலைந்ததும் அரியாங்குப்பத்து ஆற்றங்கரைக்கு, அரிக்கமேட்டுக்கு நடந்தேன். இங்கே ஊர்மக்கள் பழஞ்செங்கல்லைத் தோண்டி எடுக்கிறார்கள் என்பதுதான் அந்த இடத்தைப் பற்றி 1734இல் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் எழுதிய முதல் குறிப்பு. வெள்ளிக்கோளைப் பார்க்க வந்த வானியலறிஞர் லெ ஜென்டிலும் கரையில் பெரிய செங்கற்களைப் பொறுக்கும் ஆட்களைக் கண்டார். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது சில இடங்களில் சுவர் இல்லை. கல்லைப் பெயர்த்தவர்கள் விட்டுப்போன பள்ளத்தின் கோட்டை வைத்துச் சுவர் இருந்த இடத்தைக் கணித்தார்கள். மழை அரித்த கரையோரத்தில் ஒரு முழுச் செங்கல் பாதி வெளியே தெரிந்தது. இன்றைய கல்லைவிட நீளமும் அகலமும் கூடியது. ஓரத்தில் களிமண்ணை அழுத்திய விரலின் தடம் மூன்று இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். பிறகு கையால் மண்ணைத் தள்ளி, மேலே இரண்டு பனைமட்டையைப் போட்டு மூடிவிட்டு, இருட்டுவதற்குள் பேருந்துக்கு வந்துசேர்ந்தேன்.